ஒரு ஜோடி செருப்பு, நாலைந்து மீடியம்: முதலாண்டு கலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலைக் கல்லூரியிலோ டிசைன் படிப்பிலோ சேர்ந்த முதல் வருடத்திலேயே இந்த வேலை வந்துவிடும்: தினமும் கைபடும் ஒரு சொந்தப் பொருளை எடுத்துக்கொள், அதை வைத்துப் பல மீடியத்தில் செய்து கொண்டு வா. கேட்க எளிதாக இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்தப் பொருளைப் பென்சிலில் ஒரு தடவை, வாட்டர்கலரில் ஒரு தடவை, அக்ரிலிக்கில் ஒரு தடவை, களிமண்ணில் ஒரு தடவை என்று செய்து வரிசையாக வைத்துவிடுகிறார்கள். மீடியம் நாலு ஆகிவிட்டது, சொல்லும் சேதி ஒன்றுதான். வேலையை மதிப்பிடும் ஜூரியில் "இதை ஏன் களிமண்ணில் செய்தாய்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

களிமண்ணால் மட்டும் சொல்ல முடிந்தது எது, அச்சால் மட்டும் சொல்ல முடிந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் செய்யப்போகிறோம். உதாரணத்துக்கு ரப்பர் செருப்பு, அதாவது நீல வார் போட்ட சாதாரண ஹவாய் செருப்பு.

எதை எடுப்பது

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் முதலில் கண்ணில் படுவது குத்துவிளக்கு, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, ஓடாத ரேடியோ. அவற்றை விட்டுவிடுங்கள் என்பேன். ஏற்கெனவே அழகாக இருக்கும் பொருள் உங்களுக்கு வேலை வைக்காது. பார்க்கிறவரும் "அட, எங்க வீட்லயும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்காத சாமான்தான் நல்லது: சீப்பு, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, செருப்பு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா பாத்திரங்களை வைத்துப் பல வருடங்களாக வேலை செய்துவிட்டார். 2006இல் பாத்திரங்களாலேயே ஒரு பிரம்மாண்ட மண்டையோட்டைக் கட்டினார். ஒப்பீடு வரும், பதிலோடு போங்கள்.

பொருளைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயம் பாருங்கள். பயன்படுத்திப் பயன்படுத்தி அது மாறியிருக்கிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகள், வேறுவேறு தன்மையில் இருக்கின்றனவா? வெட்டியோ மை பூசியோ பார்ப்பதற்கு அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா? செருப்பு மூன்றிலும் தேறும்.

யாருடைய செருப்பு என்பதும் முக்கியம். ஓவியர் வான் கோ 1886இல் பாரிஸில் ஒரு ஜோடி பழைய பூட்ஸை வரைந்தார். படம் இப்போது ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஒரு குடியானவப் பெண்ணின் செருப்பு என்று எடுத்துக்கொண்டு தத்துவவாதி ஹைடெகர் பக்கம் பக்கமாக எழுதினார். இல்லை, ஓவியர் தன்னுடையதைத்தான் வரைந்திருக்கிறார் என்று 1968இல் கலை வரலாற்றாளர் மேயர் ஷபீரோ மறுத்தார். நோட்டின் முதல் பக்கத்திலேயே உரிமையாளர் யார், என்ன வேலை, எத்தனை நாளாகப் போடுகிறார் என்று எழுதிவிடுங்கள். உங்களுக்காக வேறு யாரும் சண்டை போட வேண்டாம்.

மாணவி ஒருத்தி தன் அப்பாவின் செருப்பை எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர்.

முதல் வேலை பார்ப்பது

மீடியத்தைப் பற்றி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். ஒரு வாரம் பென்சிலும் நோட்டும் போதும். செருப்பைக் கவிழ்த்து வையுங்கள். குதிகால் பக்கம் பெரும்பாலும் வெளி ஓரம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நாம் கால் ஊன்றும் விதம் அப்படி. ஆட்டோக்காரரின் செருப்பில் இன்னொன்றும் தெரியலாம்: பிரேக் மிதிக்கும் வலது கால் செருப்பின் முன்பாதி, இடதைவிடச் சீக்கிரம் வழுவழுப்பாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். மேல்பக்கம் ஐந்து விரலும் அமுங்கிய குழிகள், நடுவில் கறுத்த பாதத் தடம். வார் அறுந்து, கீழே குமிழ் வெளியே வராமல் இருக்க ஒரு ஊக்கு குத்தியிருக்கிறதா? இருந்தால் உங்களுக்கு யோகம். அந்த ஊக்கை மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்குப் பெரிதாக வரையுங்கள்.

வரையும்போது தாளைப் பார்க்காமல், கண்ணைச் செருப்பின் விளிம்பிலேயே வைத்து, பென்சிலை எடுக்காமல் ஓட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். கோணல்மாணலாகத்தான் வரும். பரவாயில்லை, அது கண்ணுக்கான பயிற்சி. அப்புறம் பக்கவாட்டில், மேலிருந்து, தரையோடு தலை வைத்து எறும்பின் உயரத்திலிருந்து. கடைசியாகச் சொன்ன கோணம் பலருக்குப் பிடித்துப்போகும், செருப்பு ஒரு கட்டடம் மாதிரி எழும்பி நிற்கும்.

பொருளின் உரிமையாளரிடம் பேசவும் வேண்டும். "உங்க செருப்பைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "அதுல என்னம்மா இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். "இதுக்கு முன்னாடி இருந்த செருப்பு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும்.

செருப்பு சும்மா செருப்பு இல்லை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு பொருளை எடுத்தால், அது நம் ஊரில் எங்கெல்லாம் எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். செருப்பை வீட்டு வாசலிலேயே விடுகிறோம். அடுத்தவர் மேல் செருப்புக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ராமாயணத்தில் பரதன் அண்ணனின் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து அதன் பேரில் ஆள்கிறான். பெருமாள் கோயிலில் தலையில் வைக்கும் சடாரியின் மேல் இருப்பது பெருமாளின் திருவடி. அதே ஊரில்தான் ஒருவரை அவமானப்படுத்தச் செருப்பு மாலை போடுவார்கள்.

இதைவிடக் கனமான வரலாறும் உண்டு. ஆதிக்கச் சாதித் தெருக்கள் வழியாகப் போகும்போது தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. அதை எதிர்த்துச் செருப்புப் போட்டு நடந்ததே ஒரு போராட்டமாக ஆகியிருக்கிறது. உங்கள் வேலை சாதியைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் செருப்பைச் சுவரில் மாட்டும்போதும், பீடத்தில் வைக்கும்போதும், பார்க்கிறவர் மனதில் இவ்வளவும் ஓடும். தெரியாமல் மாட்டுவது வேறு, தெரிந்து மாட்டுவது வேறு.

தேய்த்து எடுப்பது

இதுதான் இருப்பதிலேயே மலிவான மீடியம். மெல்லிய தாளைச் செருப்பின் அடிப்பக்கத்தில் வைத்து, நகராமல் டேப் ஒட்டி, மெழுகுக் கிரயானைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். சின்ன வயதில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்தோமே, அதே வேலை. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரையின் ரேகைகளை இப்படி எடுத்து அதிலிருந்தே படங்களை உண்டாக்கினார். கலை உலகில் இதன் பெயர் ஃப்ரொட்டாஜ்.

ஜெராக்ஸ் தாள் கொஞ்சம் தடிமன், நுண்ணிய கோடுகள் விழாது. நியூஸ்பிரிண்ட், பட்டர் பேப்பர் நல்லது. மென்மையான 6பி பென்சிலும் சரிப்படும், ஆனால் கை பட்டால் கலையும், கலையாமல் காக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.

இந்த மீடியம் மட்டும் சொல்வது என்ன? தேய்மானத்தை. செருப்பின் அடியில் வரிகள் இருக்கும் இடத்தில் கோடு விழும், தேய்ந்த இடத்தில் வெறுமையாக இருக்கும். அப்பாவின் எடை எங்கே விழுகிறது என்பதற்கு ஒரு வரைபடம் உங்கள் கைத்திறன் இல்லாமலே கிடைத்துவிடுகிறது. அதே கடையில் புதுச் செருப்பு ஒன்று வாங்கி அதையும் தேய்த்துப் பக்கத்தில் வையுங்கள். விளக்கமே தேவைப்படாது.

செருப்பையே அச்சுக்கட்டை ஆக்குவது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. செருப்பின் அடிப்பக்கம் ஏற்கெனவே மேடும் பள்ளமுமான ஒரு பிளாக்தான். புதிதாகச் செதுக்க வேண்டியதே இல்லை.

சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். அச்சகத்தில் கேட்டால் ஆஃப்செட் மை கொஞ்சம் கொடுப்பார்கள். நீரில் கரையும் பிளாக் பிரிண்டிங் மையும் கடையில் கிடைக்கிறது. வெறும் அக்ரிலிக் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு உருட்டி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஒரு கண்ணாடித் துண்டில் சிறிதளவு மையை வைத்து ரோலரால் பரப்புங்கள். மை சரியான பதத்துக்கு வந்ததைக் காதால் கண்டுபிடிக்கலாம்: ரோலர் ஓடும்போது மெல்லிய "சர்ர்" சத்தம் வரும். சொதசொதவென்று சத்தம் வந்தால் மை அதிகம். அந்த மையைப் பூசினால் பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டுதான் விழும்.

மை பூசிய செருப்பை அடிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்து வைத்து அதன் மேல் தாளைப் போட்டு, ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் எல்லா இடமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். செருப்பைத் தூக்கித் தாளில் குத்தினாலும் அச்சு விழும், ஆனால் நடு வளைவு விட்டுப்போகும். இரண்டையும் செய்து பாருங்கள். ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்து, மங்கலாக இருந்தால் திரும்பத் தாளைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. அச்சு என்றாலே இடவலம் மாறும் என்று படித்திருப்பீர்கள். இடது செருப்பை அச்சிட்டால் தாளில் இடது பாதம்தான் விழும், தரையில் பதியும் தடம் போலவே. ஆனால் அடியில் புடைத்திருக்கும் அளவு எண்ணும் கம்பெனிப் பெயரும் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி விழும். ஈர மணலில் நடந்தாலும் அப்படித்தான் பதியும், நாம் கவனித்திருக்க மாட்டோம். சிலர் இது தப்பு என்று நினைத்து ஃபோட்டோஷாப்பில் திருப்பிவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள், அதுதான் தடத்தின் உண்மை.

ஒரே தாளில் ஒரே செருப்பை வைத்துப் பாதை மாதிரி வரிசையாக அச்சிடலாம். ஒருமுறை பூசிய மையோடு மூன்று நான்கு அச்சு எடுத்தால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மங்கிக்கொண்டே போகும். தூரம் போவது போன்ற எண்ணத்தை இது தரும். வேட்டித் துணியில் எடுப்பதானால் ஃபேப்ரிக் பெயின்ட் போதும்.

சுத்தம் செய்ய முதலில் சமையல் எண்ணெய், அப்புறம் துணி சோப்பு. ஆஃப்செட் மைக்கு நேரே தண்ணீரைக் கொண்டுபோனால் ஒட்டுமொத்த இடமும் பிசுபிசுவென்று ஆகிவிடும். முக்கியமான எச்சரிக்கை: அப்பா இப்போது போட்டுக்கொண்டிருக்கும் செருப்பில் இதைச் செய்யாதீர்கள். புதிது வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலில் எடுக்கும் நீலப்படம்

சயனோடைப் என்ற முறையை 1842இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளைத் தாளில் நேரடியாக வைத்து இந்த முறையில் படமெடுத்து வெளியிடத் தொடங்கினார். கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம், மொட்டை மாடி போதும்.

இரண்டு ரசாயனம் வேண்டும். ஒன்று அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட் (பச்சை வகை), இன்னொன்று பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டாவதை வாங்கும்போது பெயரை எழுதிக் காட்டுங்கள். ஃபெரோசயனைடு என்று ஒன்று இருக்கிறது, அது வெளிர் மஞ்சள், நமக்கு உதவாது. வேண்டியது ஆரஞ்சும் சிவப்புமான படிகம். முதலாவதை 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம், இரண்டாவதை வேறொரு 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் என்று தனித்தனிப் பாட்டிலில் கரைத்து வையுங்கள். தேவைப்படும்போது சம அளவு கலந்து, வெயில் வராத, மங்கலான பல்பு எரியும் அறையில் தட்டைப் பிரஷ்ஷால் தாளில் பூசிக் காயவிட வேண்டும். கையுறை போடுங்கள், சமையலறைப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், பாத்ரூம் கழுவும் ஆசிட் போன்ற கடும் அமிலங்களின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், விஷவாயு உண்டாகும். பள்ளி மாணவர்கள் என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாளாக இருந்தால் தைரியமாகக் கழுவலாம். கார்ட்ரிட்ஜ் தாள் தண்ணீரில் கிழிந்துவிடும்.

காய்ந்த தாளின் மேல் செருப்பை வைத்து வெயிலில் விடுங்கள். உச்சி வெயிலில் ஐந்திலிருந்து பத்து நிமிடம். வெயில் பட்ட இடம் பச்சைமஞ்சளிலிருந்து நீலமாகி, பின் மங்கிய சாம்பல் நிறத்துக்கு வரும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். தண்ணீரில் மஞ்சள் சாயம் நிற்கும்வரை அலசினால், செருப்பு இருந்த இடம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் ஆழ்ந்த நீலமாகவும் தெளியும். நீலம் வெளிறிப்போனால் பெரும்பாலும் குற்றவாளி போர் தண்ணீர்தான். காரத்தன்மை அதிகமாக உள்ள தண்ணீர் இந்த நீலத்தைத் தின்றுவிடும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

செருப்பு தடியானது, ஒளி ஊடுருவாது, வெறும் நிழலுருவம்தானே கிடைக்கும் என்று கேட்கலாம். உச்சி வெயிலில் வைத்தால் அப்படித்தான். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வைத்துப் பாருங்கள். தாளை விட்டு உயர்ந்து நிற்கும் வாரின் நிழல் சாய்ந்து நீண்டு, ஓரம் மங்கி, அடித்தட்டின் கூர்மையான விளிம்போடு சேர்ந்து விழும். கொஞ்சம் அதிக நேரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இங்கே படத்தில் விழுந்திருப்பது செருப்பு இல்லாத இடம். வாசலில் செருப்பு இல்லை என்றால் அப்பா சவாரி போயிருக்கிறார் என்று அர்த்தம். இதைப் பென்சிலால் சொல்ல முடியாது.

வார்ப்பும் கம்பியும்

மேல்பக்கத்துப் பாதக் குழியை வார்ப்பெடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். செருப்பின் மேல் வாசலின் மெல்லியதாகப் பூசி, சுற்றிலும் களிமண்ணால் வரப்புக் கட்டி ஊற்றுங்கள். தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். அளவு ஏறக்குறைய இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். இறுகும்போது சூடாகும், அதனால் கை கால் விரலை உள்ளே விட்டு வார்ப்பெடுக்கும் விளையாட்டு வேண்டாம், தோல் வெந்துவிடும். மீதியை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கிடைப்பது செருப்பின் வார்ப்பு அல்ல, அதன் மேல் நின்ற பாதத்தின் அடி. வெற்றிடத்தை வார்ப்பெடுப்பதில் பெரிய பெயர் சிற்பி ரேச்சல் வைட்ரீட். 1993இல் லண்டனில் ஒரு முழு வீட்டின் உள்வெளியைக் கான்கிரீட்டில் வார்த்தார். அவர் வேலைகளைப் பார்த்துவிட்டு இதைத் தொடங்கினால் நல்லது.

கம்பி வேலைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பி போதும். நோட்டில் பென்சில் எடுக்காமல் வரைந்தீர்களே, அந்தக் கோட்டையே கம்பியில் வளையுங்கள். இது எல்லாருக்கும் தேவையில்லை. வாரின் வளைவு உங்களை இழுத்தால் செய்யுங்கள், மீடியம் எண்ணிக்கை ஏறட்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள். சத்தத்துக்கும் இதுதான்: ஈரத் தரையில் செருப்பு அடிக்கும் "டப் டப்" உங்களுக்கு முக்கியமென்றால் போனில் பதிவு செய்யுங்கள், மைக்கைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து.

கழிப்பது

இப்போது கையில் ஐம்பது அறுபது துண்டுகள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு துண்டுக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போக வேண்டியதுதான். நன்றாக வரைந்தது என்பதற்காக ஒன்றைக் காப்பாற்றாதீர்கள், கஷ்டமாக இருந்தாலும். ஆட்டோக்காரர் செருப்பில் கடைசியில் நிற்பது இப்படி இருக்கலாம்: புதிதும் பழையதுமாக இரண்டு தேய்ப்புகள், துணியில் மங்கிப்போகும் தட வரிசை, காலை வெயிலில் எடுத்த ஒரு நீலப்படம், ஒரு பாத வார்ப்பு, ஊக்கின் பெரிய பென்சில் படம்.

நிஜச் செருப்பையும் வைக்கலாமா? கலைஞர் ஜோசப் கொசுத் 1965இல் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அகராதியிலிருந்து நாற்காலிக்கான பொருள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கே நிஜ நாற்காலி இல்லாமல் வேலையே இல்லை. உங்கள் வேலையில் செருப்பை எடுத்துவிட்டாலும் எல்லாம் நிற்கிறதென்றால் எடுத்துவிடுங்கள். இது என் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாத ஆசிரியர்களும் இருப்பார்கள்.

சுவரில் மாட்டும் படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். தட வரிசையைச் சுவரில் ஏற்றாமல் தரையில் விரித்தால் பார்க்கிறவர் அதன் மேல் மிதிக்கலாமா கூடாதா என்று ஒரு நிமிடம் தயங்குவார். அந்தத் தயக்கம் உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டாமென்றால் மரச்சட்டத்தில் தரையை விட்டு ஓரடி தூக்கி வையுங்கள்.

குறிப்பும் ஃபைலும்

கூட வைக்கும் குறிப்பு நூறு, நூற்றிருபது வார்த்தைக்குள் இருக்கட்டும். "இப்படைப்பு மனித வாழ்வின் பயணத்தை ஆராய்கிறது" என்று தொடங்கும் குறிப்பை ஜூரியில் யாரும் இரண்டாவது வரிவரை படிப்பதில்லை. "இது என் அப்பாவின் செருப்பு. அவர் ஆட்டோ ஓட்டுகிறார். வலது செருப்பு இடதைவிட 3 மி.மீ. அதிகம் தேய்ந்திருக்கிறது" என்று தொடங்குங்கள். எண் உங்கள் அளவுப்படி. எந்தத் தாள், எந்த மை, எத்தனை நிமிட வெயில் என்பதைக் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.

ஃபைலுக்காக வேலைகளைப் படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம். காலையில் நிழலான வராண்டாவில், போனைத் தாளுக்கு நேர் எதிரே பிடித்து எடுங்கள். வார்ப்பை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, இல்லையென்றால் விரல் குழி தெரியாது. ஃபைலில் முடிந்த வேலைகளை முதலில் வைத்து, சொதப்பிய அச்சுகளையும் நோட்டுப் பக்கங்களையும் பின்னால் சேருங்கள். மார்க் போடுகிறவர்கள் பல சமயம் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுகிறார்கள். நீலப்படத்தை வெயில் படும் சுவரில் மாதக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள், மங்கும். மங்கிவிட்டால் சில நாள் இருட்டு அலமாரியில் வைத்தால் ஓரளவு நீலம் திரும்பிவரும்.